கோட்டுப் போட்ட மாப்பிள்ளை

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளே, உபதேசம் செய்யப்போகிறேன் என்று நினைத்து ஓடிவிடாதீர்கள். படத்தில் கை வைக்காதே, உள்ளது உள்ளபடி விடு என்றெல்லாம் பேச எனக்கு வாயே கிடையாது. மற்றவர்கள் முகத்துப் பருவை அழித்துத்தான் என் வீட்டில் உலை கொதித்தது. இப்போது மானிட்டரைப் பார்த்தாலே கண்ணில் நீர் கொட்டுகிறது, அதனால் விட்டுவிட்டேன். இல்லையென்றால் இன்னும் அழித்துக்கொண்டுதான் இருப்பேன்.

போன வாரம் உங்களில் ஒரு பெண் என்னைக் கேட்டாள். "அக்கா, கஸ்டமரு கேக்கறத செஞ்சி குடுக்கறோம். அவங்க அத நெட்ல போட்டுக்கினு போறாங்க. அதோட முடிஞ்சிது. நமக்கு இன்னா வந்துது?" நல்ல கேள்விதான். பதில் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அது நின்றபடி சொல்லிவிட்டுப் போகிற விஷயம் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனிலிருந்து தொழிற்பேட்டைக்குப் போகிற ரோட்டில், ஒரு நாஷ்டா கடைக்கு மாடியில் எங்கள் ஸ்டுடியோ இருந்தது. பிலிம் ரோல் போய் டிஜிட்டல் வந்துவிட்ட வருடங்கள். ஷிஃப்ட் முடிந்த பையன்கள் சட்டையில் இரும்பு வாடையோடு படியேறி வருவார்கள். முன்பெல்லாம் பாஸ்போர்ட் சைஸுக்கு மட்டும் வந்தவர்கள், ஃபேஸ்புக்குக்கு முன்னால் நெட்டில் இருந்த ஆர்குட் வந்ததும் அதில் போடுவதற்கென்று படம் எடுக்க வந்தார்கள். பக்கத்து பிரவுசிங் சென்டரில் ஏற்றிவிட்டு, யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று மறுநாள் ஓடிப்போய்ப் பார்ப்பார்கள். பனிமலை, வெளிநாட்டு பைக், ரோஜாத் தோட்டம், எதைக் கேட்டாலும் பின்னால் வைத்துக் கொடுப்பேன். என் பெயர் மல்லிகா. அந்த ரோட்டில் யாரையாவது மல்லிகா வீடு எது என்று கேட்டால் விழிப்பார்கள். கிராஃபிக்ஸ் அக்கா என்றால்தான் தெரியும்.

எங்கள் ஸ்டுடியோவில் 'மாப்பிள்ளை செட்' என்று ஒன்று உண்டு. பெண் வீட்டுக்குக் கொடுக்கிற படம் என்று சொல்லிவிட்டால் போதும், மேற்கொண்டு கேள்வியே கிடையாது. கழுத்துக்குக் கீழே கம்ப்யூட்டரில் தயாராக இருக்கும் நீலக் கோட்டு. நிறம் நன்றாக ஏற்றம். மச்சம், தழும்பு, பரு எல்லாம் காலி. முகம் வலது பக்கம் பார்க்க வேண்டும். தரகர் பெண்ணின் படத்தை அந்தப் பக்கம் வைத்துக் காட்டும்போது இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கிற மாதிரி இருந்தால்தான் ராசி என்று முதலாளிக்கு ஒரு நம்பிக்கை. எதிர்ப்பக்கம் பார்த்து உட்கார்ந்தவனைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி அப்படியே திருப்பிவிடுவோம். வேலை முடிந்ததும் அசலை அழித்துவிட வேண்டும், ஏனென்றால் ஹார்ட் டிஸ்கில் இடம் இல்லை. "பைனல வெச்சிக்கோ, பச்சையா எடுத்தத தூக்கி கடாசு" என்பார் முதலாளி. கடாசுவோம்.

அப்படியொரு மாப்பிள்ளை செட்டுக்குத்தான் ராணியம்மா தன் மகன் டில்லிபாபுவை இழுத்துக்கொண்டு வந்தார். ஆர்.கே.பேட்டைப் பக்கம் கழனி வேலை செய்துகொண்டிருந்த குடும்பம். புருஷன் போன பிறகு இங்கே வந்து ஒரு கம்பெனி கேன்டீனில் சமையலுக்குச் சேர்ந்தவர். மகன் இரும்பு உருட்டுகிற ஆலையில் கான்ட்ராக்ட் ஆள். வெடவெடவென்று ஒல்லி, நல்ல கறுப்பு, ஒட்டிய கன்னம். ஆலையில் சூடான இரும்புச் சில்லு தெறித்துப் புருவத்தைப் பிளந்திருந்தது. ஒரு புருவம் நடுவில் அறுபட்டு, அந்த இடத்தில் தோல் மினுமினுவென்று தடித்திருக்கும். அதை மறைக்க எந்நேரமும் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு திரிவான்.

"எம்மா, அந்த புருவத்த மட்டும் எப்டினா சரி பண்ணிடு" என்றார் ராணியம்மா. "வர்ற எடமெல்லாம் அத பாத்துட்டு, புள்ள ரவுடியான்னு கேக்கறாங்க. ஒரே பேஜாரு."

"சும்மா இரும்மா, அக்கா இன்னா நெனப்பாங்க" என்றான் டில்லி.

"நீ சும்மா இரு நைனா. உனுக்கு இன்னா, எவ எவ வாயில உய்ந்து எய்ந்திருக்கறது நானு."

அவர் கேட்டதெல்லாம் செய்தேன். கன்னத்தைக்கூடக் கொஞ்சம் நிரப்பினேன். முடித்ததும் டில்லி மானிட்டருக்கு முன்னால் குனிந்து பார்த்துவிட்டு, "யாருக்கா இது? நல்லாகீறாரு" என்றான். மூன்று பேரும் சிரித்தோம். அந்தப் படம் வேப்பம்பட்டில் ஒரு வீட்டுக்குப் போயிற்று. பெண் பெயர் பவானி, அம்பத்தூரில் ஏதோ ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை. படம் பிடித்துவிட்டது, வந்து பெண் பார்த்துவிட்டு அன்றைக்கே தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். ராணியம்மா எனக்குக் கேன்டீனிலிருந்து கேசரி கொண்டுவந்து கொடுத்தார்.

நாள் நெருங்கும்போது டில்லியைக் காணோம்.

காலை ஷிஃப்ட் முடிந்து ரயில் ஏறியதைப் பார்த்தவர்கள் உண்டு. இறங்கியதைப் பார்த்தவர்கள் இல்லை. போன் சுவிட்ச் ஆஃப். அவனோடு ஒரே ஆலையில் வேலை செய்கிற அன்வர்தான் முதலில் பதறினான். பழவேற்காட்டில் ஜவுளி வியாபாரம் செய்கிற குடும்பத்துப் பையன், கடை பிடிக்காமல் ஆலைக்கு வந்தவன். ஆனால் ராணியம்மா பதறவில்லை, கோபப்பட்டார். அதற்கு முந்தின நாள் வீட்டில் சண்டையாம். 'தழும்ப பத்தி அவங்க ஊட்ல முன்னாலயே சொல்லிடலாம்' என்று டில்லி சொல்ல, அம்மா கத்தியிருக்கிறார். கோபித்துக்கொண்டு எங்கேயோ போயிருக்கிறான், பசித்தால் வருவான் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

வரவில்லை. போலீஸில் சொன்னார்கள். போலீஸ் போட்டோ கேட்டது. ராணியம்மா கொடுத்தது என்ன போட்டோ என்று உங்களுக்கே தெரியும். அன்வர் அதையே ஆர்குட்டில் போட்டு, 'காணவில்லை, பார்த்தால் தகவல் கொடுங்கள்' என்று எழுதினான். தெரிந்தவன் தெரியாதவன் எல்லோருக்கும் அனுப்பினான். நோட்டீஸும் அதே படத்தோடு எங்கள் ஸ்டுடியோவில்தான் போட்டது. ரயிலில், பஸ் ஸ்டாண்டில், டீக்கடையில் கோட்டுப் போட்ட டில்லி ஒட்டிக்கொண்டு நின்றான்.

போன்கள் வந்தன. அது இன்னும் கொடுமை. நெல்லூரில் பார்த்தேன் என்றான் ஒருவன். ஜவுளிக் கடை வாசலில் பார்த்தேன் என்றான் இன்னொருவன். ஆர்குட்டில் கீழே கிண்டல் வேறு. 'இந்த மாடல் எந்தக் கம்பெனி?' 'கிராஃபிக்ஸ்டா, பேக் ஐடி, நம்பாதீங்க.' அன்வர் அதைப் படித்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்து பல்லைக் கடித்தான். எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. யார் மேல் என்று அப்போது தெரியவில்லை.

சூளூர்பேட்டையிலிருந்து வந்த போன்தான் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. அதே ஆள், பஸ் ஸ்டாண்டில் நிற்கிறான், சீக்கிரம் வாங்க என்று ஒருவர் சத்தியம் செய்தார். அன்வர் வேலையைப் போட்டுவிட்டு ஓடினான். மதியம் திரும்பி வந்தான், சட்டையில் ஒரு பட்டன் இல்லை.

"யாரோ பைனான்ஸ் கம்பெனி ஆளுக்கா. தோள்ல கைய வெச்சி 'டேய்'னு கூப்ட்டேன். தெலுங்குல திட்டி சட்டைய புடிச்சிட்டாரு." கொஞ்சம் தண்ணீர் குடித்தான். "ஆனா ஒண்ணுக்கா. அச்சு அசலு நீ குடுத்த போட்டோ மாதிரியே கீறாரு. டில்லி மாதிரிதான் இல்ல."

அவன் குத்திக்காட்டிச் சொல்லவில்லை, பாவம். உள்ளதைச் சொன்னான். நான் அடுத்த கட்டு நோட்டீஸுக்குப் பிரிண்டர் போட்டிருந்தேன். ஒவ்வொரு தாளாக அந்த முகம் வெளியே வந்து விழுந்துகொண்டிருந்தது. பிரிண்டரை நிறுத்தினேன்.

"ஆஸ்பத்திரில எல்லாம் தேடினியா?" என்று கேட்டேன்.

"மெட்ராஸ்ல ரெண்டு மூணு பெரிய ஆஸ்பத்திரி போனேன்கா. ஒரு எடத்துல, பேர் தெரியாத ஆளுங்க நாலஞ்சு பேர் கீறாங்கன்னாங்க. நர்ஸம்மா போட்டோவ பாத்தாங்க. இந்த மாதிரி யாரும் இங்க இல்லப்பான்னு சொல்லிட்டாங்க."

"உள்ள போய் பாத்தியா?"

"உட்லக்கா. போட்டோவ பாத்தே சொல்லிட்டாங்க."

அவனைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்த்தான். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. அந்த வார்டில் டில்லி கிடந்தாலும் அந்த நர்ஸ் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார். அவர் மேல் தப்பே இல்லை. கோட்டுப் போட்ட சிவத்த ஆள் ஒருவன் அங்கே இல்லைதானே?

அசலைத் தேடினேன். தெரிந்தே தேடினேன், கிடைக்காது என்று. முதலாளி சட்டப்படி அது போய் வெகுநாள் ஆயிற்று. கம்பெனி கேட் பாஸில் இருந்ததும் இதே முகம்தான், பாஸைப் புதுப்பித்தபோது இதையே சின்னதாக்கிக் கொடுத்திருந்தோம். ஓட்டு அட்டை அவன் பர்ஸோடு போய்விட்டது. அன்வர் செல்லில் எடுத்த படங்களைத் துழாவினோம். பழவேற்காட்டுப் படகில், மாரியம்மன் திருவிழாவில், ஆலை கேட்டில், எல்லாவற்றிலும் மூக்குக்கு மேல் கூலிங் கிளாஸ். போதாததற்குத் தொப்பி. அந்தப் பையன் தன் முகத்தை ஒளித்த லட்சணம் அப்படி.

அழித்தவள் நான். திரும்பப் போடவும் நான்தான் வேண்டும். ராணியம்மாவை உடனே வரச்சொல்லி ஆள் அனுப்பினேன்.

கேன்டீன் ஈரக் கையோடு வந்தார். விஷயத்தைச் சொன்னேன். கோட்டை எடுத்துவிடுகிறேன், நிறத்தை இறக்குகிறேன், தழும்பைப் போடுகிறேன், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சரியா என்று சொல்ல வேண்டும் என்றேன்.

"வேணாம்மா" என்றார்.

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றியது. "இன்னா வேணாம்?"

"தழும்போட போட்டா ஊரெல்லாம் ஒட்டுவீங்க. கம்ப்யூட்டர்ல வேற போடுவான் இவன். அந்த வேப்பம்பட்டுப் பொண்ணு கம்ப்யூட்டர்லதான் வேல செய்யுது. பாத்துட்டு வேணாம்னு சொல்லிட்டா? நாளைக்கி என் புள்ள வந்து நிப்பான். அவனுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"அவன் வந்தாத்தான பதில் சொல்லணும்?" என்று கத்திவிட்டேன். கீழே நாஷ்டா கடையில் பேச்சு நின்றது எனக்கே கேட்டது. "ஆஸ்பத்திரில அனாதையா கெடந்தா இன்னா பண்ணுவ? சம்பந்தத்த வெச்சிக்கினு இன்னா பண்ணுவ?"

"வாய கழுவு!" என்றார் ராணியம்மா. "அவன் கோச்சிக்கினு போயிருக்கான். என் புள்ளய எனக்குத் தெரியாதா? நீ யாரு சொல்றதுக்கு?"

பிள்ளைகளே, இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். அவர் கெட்டவர் இல்லை. மகனைப் பற்றி அக்கறை இல்லாதவரும் இல்லை. மகன் எங்கேயோ கோபத்தில் இருக்கிறான் என்று நம்பினால்தான் அவரால் நிற்க முடிந்தது. தழும்போடு படம் போடச் சம்மதித்தால், அவன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்தப் பயம்தான் அப்படிப் பேசவைத்தது. இது இன்றைக்குப் புரிகிறது. அன்றைக்கு எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

அவர் சொல்லாமல் நானே செய்யலாம் என்று உட்கார்ந்தேன். கோட்டை எடுத்துவிட்டு வேறு சட்டை வைத்தேன். நிறத்தை இறக்கினேன். அதற்கு மேல் கை நகரவில்லை. தழும்பு எந்தப் புருவத்தில்? நான்தான் அழித்தேன். ஆனால் படத்தைத் திருப்பினேனா இல்லையா? திருப்பிய பிறகு அழித்தேனா? எத்தனை மாப்பிள்ளை செட் போட்டிருப்பேன், ஒன்று நினைவில் நிற்குமா?

அன்வர், இடது என்றான். உடனே, இல்லையோ என்றான். "தெனம் பாக்கற மூஞ்சிக்கா, ஐயோ, இப்ப கேட்டா எனக்கு ஒண்ணுமே வரல" என்று தலையில் அடித்துக்கொண்டான். இரண்டு விதமாகவும் போட்டு அச்சடித்தால் என்ன என்று கேட்டான். வேண்டாம் என்றேன். ஏற்கெனவே ஆர்குட்டில் கிராஃபிக்ஸ் என்று சிரிக்கிறார்கள். ஒரே ஆளுக்கு இரண்டு முகம் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்றால் எந்த நர்ஸ் மதிப்பார்? ஒரு தடவை பார்ப்பார், அந்த ஒரு தடவையில் அவருக்கு அடையாளம் தெரிய வேண்டும்.

ராணியம்மா சுவர் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். நான் மவுஸைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

ஒரு பெண். மாநிறம், குட்டையான உருவம், கழுத்தில் ஆபீஸ் அட்டை. கையில் எங்கள் நோட்டீஸ்.

"இந்த நோட்டீஸ்ல ஸ்டுடியோ பேர் போட்டிருந்தது. இங்கதான?" என்றாள். பிறகு ராணியம்மாவைப் பார்த்தாள். "நீங்கதான் அவங்க அம்மாவா? நான் பவானி. வேப்பம்பட்டுலேருந்து வரேன்."

ராணியம்மா என்ன செய்தார் தெரியுமா? ஓடிவந்து என் மானிட்டருக்கு முன்னால் முந்தானையை விரித்துக்கொண்டு நின்றார். பாதி கறுத்த மகனின் முகம் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. "நீ எதுக்கும்மா இவ்ளோ தூரம்" என்றார். "வந்துடுவான்மா. வெளியூர் போயிருக்கான்."

பவானி நோட்டீஸை என் மேசையில் வைத்தாள். கோபமா அழுகையா என்று தெரியாத முகம்.

"இந்த போட்டோவ வெச்சா தேடறீங்க?" என்றாள். "இத வெச்சி தேடினா எப்டி கெடைப்பாரு?"

அவளே ராணியம்மாவின் தோளை மெல்லப் பிடித்து நகர்த்திவிட்டு, என் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"இன்னும் கறுப்புக்கா. இவ்ளோ கலரு இல்ல அவரு."

இறக்கினேன்.

"கன்னம் உள்ள போவணும். இந்தப் பக்கம் எலும்பு தெரியும். ம், அப்டித்தான். கண்ணுக்குக் கீழ கருப்பு வையுங்க, நைட்டு ஷிஃப்ட்டும் பாக்கறவரு. முடி இவ்ளோ படியாது, முன்னால தூக்கிக்கினு நிக்கும்."

நான் முதலில் எடுத்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தேன். யாருக்குத் தெரியக்கூடாது என்று ராணியம்மா கெஞ்சினாரோ, அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினாள். ராணியம்மா வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் நின்று பார்த்தார். புருவத்துக்கு வந்தபோது நான் நிறுத்தினேன்.

"தழும்பு எந்தப் பக்கம்?"

அதுவரை பின்னால் நின்ற ராணியம்மாவே கையைத் தூக்கித் தன் வலது புருவத்தைத் தொட்டார். "இந்தப் பக்கம்" என்றார்.

"இல்ல அத்தே. அவருக்கு எடது பக்கம்" என்றாள் பவானி.

"பெத்தவ எனக்குத் தெரியாதா?"

"நீங்க எதிர்ல நின்னு பாத்தது. நான் பக்கத்துல உக்காந்து பாத்தேன். இங்க கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பெஞ்சுல, அவருக்கு எடது பக்கம். கண்ணாடிய கழட்டி தொடச்சிக்கினு இருந்தாரு. வண்டி வர வரைக்கும் எனக்குத் தெரிஞ்சது அந்தப் புருவம் மட்டுந்தான்."

ராணியம்மாவின் கை அவர் புருவத்திலேயே நின்றுவிட்டது. "நீ வந்து பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்துட்டுமா சரின்னு சொன்ன?"

"பாத்தப்புறந்தான் அத்தே சரின்னு சொன்னேன். போட்டோ பாத்துட்டு வேணாம்னுதான் சொல்லிக்கினு இருந்தேன். இவ்ளோ ஷோக்கா இருக்கறவருக்கு நான் எதுக்குன்னு."

ராணியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்து, அதுவரை அடக்கிவைத்திருந்ததையெல்லாம் அழுதார். "என் புள்ளய தேடுங்கடா. ஐயோ, என் புள்ளய தேடுங்கடா" என்று அன்வர் காலைப் பிடித்தார். அவன் பதறிப்போய்த் தூக்கினான்.

இடது புருவத்தை நடுவில் அறுத்தேன். தோலைத் தடிக்கவைத்தேன். என் வாழ்க்கையில் எத்தனையோ ஆயிரம் தழும்பை அழித்திருக்கிறேன், ஒன்றைப் போட்டது அன்றைக்குத்தான். அழிப்பதைவிட அது கஷ்டம். இரண்டு முறை தப்பாயிற்று. பவானி, "கொஞ்சம் மேல, வாலு பக்கம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவள் சட்டென்று பேச்சை நிறுத்தினாள். மானிட்டரில் டில்லிபாபு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்வர், "டேய்" என்று கூப்பிட்டான், நேரில் நிற்கிற ஆளைக் கூப்பிடுகிற மாதிரி.

பிரிண்ட் காய்வதற்குள் பிடுங்கிக்கொண்டு ஓடினான். நர்ஸ் முன்பு இல்லை என்று சொன்ன அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் முதலில் போகச்சொன்னேன்.

அதற்குப் பிறகு எங்களுக்கு வேலை எதுவும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. மெட்ராஸ் வண்டி போய்ச் சேர வேண்டும், அங்கிருந்து பஸ், ஆஸ்பத்திரியில் அவனை உள்ளே விட வேண்டும். மேசை மேல் ஸ்டுடியோ போன். மூன்று பெண்களும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். முதலாளி வந்து பிரிண்டர் ஏன் சும்மா இருக்கிறது என்று கேட்டார். நான் திரும்பிப் பார்த்த பார்வையில் கீழே டீ குடிக்கப் போய்விட்டார். பாஸ்போர்ட் சைஸுக்கு வந்த ஒருவரை நாளைக்கு வரச் சொன்னேன். ராணியம்மா பவானியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தார், எப்போது எடுத்தார் என்று நான் கவனிக்கவில்லை.

ஒருமுறை போன் அடித்தது. ஆல்பம் ரெடியா என்று யாரோ கேட்டார்கள். என்ன பதில் சொன்னேனோ தெரியாது.

வெயில் ஜன்னலை விட்டு இறங்கிய பிறகு மறுபடியும் அடித்தது. எடுத்தேன். அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். அன்வர் அழுகிறானா சிரிக்கிறானா என்று புரியவில்லை.

"அன்வரு, இன்னாடா, வாயத் தொறந்து சொல்லுடா!"

"கீறான்கா! ஆளு கீறான்! தலையில கட்டு, வலது பக்கம் மூஞ்சியே தெரியல. எடது பக்கம் மட்டுந்தான் வெளிய கீது. அதே நர்ஸம்மாதான்கா. போட்டோவ பாத்தாங்க, இந்தப் புருவமான்னு கேட்டாங்க, கைய புடிச்சி இஸ்துக்கினு போனாங்க. வண்டியிலேர்ந்து உய்ந்துட்டானாம், பர்ஸு, போனு ஒண்ணும் இல்லையாம். கண்ணு இன்னும் தொறக்கல. டில்லின்னு கூப்ட்டா வெரல அசைக்கறான்கா."

நான் ரிசீவரை ராணியம்மா காதில் வைத்தேன். அவர் அதைப் பிடித்துக்கொண்டு, "நைனா, நைனா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தப் பக்கம் இருப்பது அன்வர் என்பதுகூட அவருக்கு உறைக்கவில்லை. பிறகு இரண்டு பேரும் கிளம்பி ஸ்டேஷனுக்கு ஓடினார்கள். பவானிதான் அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

பிழைத்துவிட்டான். வேப்பம்பட்டுக்குப் போய்த் தழும்பைத் தானே சொல்லிவிடலாம் என்றுதான் அன்றைக்கு ரயில் ஏறினானாம். ஒரு காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது, வேகமாக நடக்க முடியாது, ஆலைக்குள் வேலைக்குத் திரும்பவில்லை, கேட்டில் எழுத்து வேலை கொடுத்தார்கள். கல்யாணம் நடந்தது. கல்யாணப் படம் நாங்கள்தான் எடுத்தோம். ராணியம்மா வந்து, எதையும் தொடாதே என்று மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனார். போகிற போக்கில் தன் நரையை மட்டும் கொஞ்சம் கறுப்பாக்கச் சொன்னார். ஆக்கிக் கொடுத்தேன். ஆசைதானே, அதில் யாருக்கு என்ன நஷ்டம்.

ஆனால் அசலை அழிப்பதை மட்டும் அன்றோடு நிறுத்தினேன். முதலாளியோடு பெரிய சண்டை. என் சொந்தக் காசில் சிடி வாங்கி, 'பச்சை' என்று எழுதி, ஒவ்வொரு முகத்தையும் அது வந்தபடியே ஏற்றிவைத்தேன். நமக்கு என்ன வந்தது என்று கேட்டாளே அந்தப் பெண், அவளுக்கு என் பதில் அவ்வளவுதான். கேட்டபடி செய்து கொடு. வந்தபடி ஒன்றை வைத்திரு. ஊரே மறந்துவிட்ட முகம் உன் ஒருத்தியிடம்தான் மிச்சம் இருக்கும், அது உனக்கே தெரியாது.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஆல்பம் வாங்க பவானி வந்தபோது அவளைக் கேட்டேன். "கோட்டுப் போட்ட போட்டோவ பாத்துட்டு வந்தவ, ஸ்டேஷன்ல அவன எப்டி அடையாளம் கண்டுபுடிச்ச?"

"நான் எங்கக்கா கண்டுபுடிச்சேன்?" என்று சிரித்தாள். "அவரு மூஞ்சிய மூணு வாட்டி தாண்டிப் போயிட்டேன். அப்பால அன்வரு அண்ணன் தூரத்துலேர்ந்து 'டில்லிபாபு'ன்னு கத்தினாரு. அப்பதான் தெரிஞ்சிது."

"சரி, அவன் கையிலயும் உன் போட்டோ இருந்துதே. பக்கத்துல வந்து உக்காந்த. அவனுக்குமா தெரியல?"

அவள் கைப்பையைத் திறந்து, தரகரிடம் கொடுத்திருந்த தன் படத்தை எடுத்து மேசையில் வைத்தாள். திருவள்ளூரில் ஏதோ ஸ்டுடியோவில் எடுத்தது. பளபளவென்று ஒரு சிவத்தப் பெண். நீளமான கழுத்து, முன்னால் எடுத்துவிட்ட கனமான பின்னல், மூக்கு வேறு, மோவாய் வேறு. இடது பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வேலை சுத்தமாகத்தான் இருந்தது, குறை சொல்ல முடியாது. கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தேன். எதிரில் நிற்கிற பவானியையும் பார்த்தேன். காணாமல் போனது அவளாக இருந்திருந்தால், எங்களில் ஒருத்தராலும் அவளைக் கண்டுபிடித்திருக்க முடியாது.